அழியாத ஃபைலும் அவசர பார்மட்டும்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். துணி டெம்போவில் போகும். டிசைன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். பையர் அனுப்பிய டெக் பேக் மெர்ச்சண்டைசரின் மெயிலுக்கு வந்து, அங்கிருந்து வாட்ஸ்அப்பில் பஞ்சிங் போடுகிறவருக்கு, அதாவது டிசைனை எம்பிராய்டரி மெஷின் படிக்கும் ஃபைலாக மாற்றுகிறவருக்குப் போகிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கும் எம்பிராய்டரி மெஷினுக்கும் நடுவில் இருக்கிற கடைசிப் பத்தடியைக் கடக்க இன்றைக்கும் பல யூனிட்களில் பென்டிரைவ்தான்.

அந்தப் பென்டிரைவில் ஒரு நாள் ஒரு ஃபைல் அழிய மறுக்கும். டெலிட் கொடுத்தால், இது சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று விண்டோஸ் சொல்லும். அல்லது பெயர் கண்ணெதிரே தெரியும்போதே அப்படியொரு ஃபைல் இங்கே இல்லை என்று சாதிக்கும். ஷிப்மென்ட் தேதி கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: “பார்மட் போட்டு உட்ருங்ண்ணா.” போட்டால் வேலை நடந்துவிடும். ஏன் அழியவில்லை என்ற கேள்வியும் அதோடு போய்விடும். கூடவே நல்ல ஃபைல்களும் போய்விடும்.

டெலிட் அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு குடோனையும் அதன் ஸ்டாக் நோட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைலின் உள்ளடக்கம் குடோனில் கிடக்கும் சரக்கு. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் என்று எழுதிவைத்த நோட்டுதான் ஃபைல் சிஸ்டம். டெலிட் கொடுக்கும்போது யாரும் குடோனுக்குள் போய்ச் சரக்கைத் தூக்கி எறிவதில்லை. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, அந்த அடுக்குகள் காலி என்று குறித்துக்கொள்கிறார்கள். பென்டிரைவ்களில் பரவலாக இருக்கும் ஃபேட் முறையில் ஃபைல் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும். அட்டவணையில் அந்த ஃபைலுக்கு ஒதுக்கிய கட்டங்கள் பூஜ்ஜியமாகும். அவ்வளவுதான். அழித்த போட்டோவை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பிழைப்பு நடத்துவது இந்தத் தயவில்தான்.

ஆக, அழிப்பதும் எழுதுகிற வேலையே. எங்கே எழுதுவது என்று தெரிய முதலில் நோட்டைப் படித்தாக வேண்டும். ஃபேட் அட்டவணையில் ஒவ்வொரு ஃபைலும் ஒரு சங்கிலி: முதல் துண்டு இந்தக் கட்டத்தில், அதற்கடுத்தது இன்ன கட்டத்தில் என்று ஒன்று அடுத்ததைக் கைகாட்டும். நடுவில் ஒரு கட்டம் இல்லாத இடத்தைக் காட்டினால், அல்லது ஃபோல்டரின் பெயர்ப்பட்டியலே குப்பை எழுத்துகளாகிவிட்டால், விண்டோஸ் அங்கேயே நின்றுவிடும். நமக்கு வரும் பிழைச்செய்தி அதுதான். இதைவிட மோசமான நிலையில் செய்தியே வராது. இரண்டு ஃபைல்கள் ஒரே கட்டத்தைத் தமதென்று காட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்றை அழித்தால் அது தடங்கலில்லாமல் அழியும். அடுத்த வாரம் இன்னொரு டிசைனைத் திறக்கும்போதுதான் பாதி லோகோவைக் காணோம் என்று தெரியும். மறுத்த ஃபைல் ஒருவகையில் நமக்கு முன்னெச்சரிக்கை தந்த ஃபைல்.

நோட்டு எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குவதால். ஃபேட் முறையின் முதல் வடிவம் 1977-இல் ஃப்ளாப்பி தட்டுகளுக்காக எழுதப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் ஃபேட்32 1996-இல் விண்டோஸ் 95-இன் பிந்தைய பதிப்போடு வந்தது. அட்டவணைக்கு இரண்டு பிரதி வைத்துக்கொள்ளும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய பாதுகாப்பு கிடையாது. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் அப்படியல்ல. நோட்டில் என்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்பதைத் தனி லாகில் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத்தான் மாற்றும். நடுவில் கரண்ட் போனால் லாகைப் பார்த்து நோட்டைச் சரிசெய்துகொள்ளும். 2012-இல் தமிழக மாவட்டங்களில் பல மணி நேர மின்வெட்டு நிலவியபோது ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்தும் ஓரளவு தாக்குப்பிடித்ததில் இந்த லாகுக்கும் பங்கு உண்டு. பென்டிரைவுக்கும் அதையே போட்டுக்கொள்ளலாமே என்றால், எம்பிராய்டரி மெஷின்கள் பலவற்றுக்கு ஃபேட்தான் புரியும்.

2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து யூஎஸ்பி டிரைவ்களுக்கு, உடனே உருவ இடம்தரும் குயிக் ரிமூவல்தான் இயல்பு அமைப்பு. எழுதவேண்டியதைத் தேக்கிவைக்காமல் உடனே எழுதிவிடும். அதனால் எஜெக்ட் கொடுக்காமலே எடுக்கலாம் என்பது பாதி உண்மை: காப்பி முடிந்திருந்தால் எடுக்கலாம். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. மெஷின் பக்கத்தில் இந்த உத்தரவாதமும் கிடையாது. ஆபரேட்டர் மெஷினிலிருந்தே ஒரு டிசைனை பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு உடனே உருவினால், கெட்டது அங்கே, தெரிவது இங்கே. டிரைவைச் செருகியதும் இதில் ஏதோ சிக்கல், ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். நம் ஊரில் அந்தப் பெட்டி மூடப்படுவதற்கென்றே பிறந்தது.

அழியாத ஃபைல் எல்லாமே நோட்டு கெட்ட கதையும் இல்லை. வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று செய்தி வந்தால் கோரல்டிராவை மூடினால் போதும். ஆபீஸ் சர்வரில் உள்ள ஃபைல் என்றால் வேறு டேபிளில் யாரோ திறந்துவைத்திருப்பார்கள்.

நிஜமாகவே தலையைச் சுற்றவைப்பது பெயர்ச் சிக்கல். வெளிநாட்டு பையரின் டிசைனர் மேக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவராக இருப்பார். ஃபோல்டர் பெயரின் கடைசியில் தெரியாமல் ஒரு இடைவெளியோ புள்ளியோ விட்டிருப்பார். மேக்கில் அதற்குத் தடையில்லை. விண்டோஸோ பெயரின் வாலில் இருக்கும் இடைவெளியை நறுக்கிவிட்டுத் தேடும், நறுக்கிய பெயரில் எதுவும் இருக்காது, இல்லவே இல்லை என்று சொல்லும். இதேபோல, கான்ட்ராஸ்ட் கலருக்குச் சுருக்கமாக சி, ஓ, என் என்று மூன்றெழுத்தில் ஒரு ஃபோல்டர் வந்து இறங்கினால் அதுவும் மாட்டிக்கொள்ளும். டாஸ் காலத்தில் கீபோர்டையும் திரையையும் குறிக்க ஒதுக்கிய பெயர் அது. விண்டோஸ் இன்னும் அந்த மரியாதையை விடவில்லை. மூன்றாவது, நீளம். பையர் பெயர், சீசன், ஆர்டர் நம்பர், ஸ்டைல், கலர், ரிவைஸ்டு, ரிவைஸ்டு ஃபைனல் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக மெர்ச்சண்டைசர் அடுக்கிக்கொண்டே போக, மொத்தப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டும். அதற்குமேல் விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் தடுமாறும்.

இந்த மூன்றிலும் டிரைவுக்கு நோய் எதுவும் இல்லை. நீளம்தான் காரணம் என்றால் மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்குங்கள். பிறகு உள்ளே இருப்பதை வழக்கம்போல அழிக்க முடியும். பெயர்தான் காரணம் என்றால் செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருளின் ஃபைல் மேனேஜரில் திறந்து, அங்கேயே பெயரை மாற்றலாம், அழிக்கலாம். எதையும் அழித்துத்தருவேன் என்று இணையத்தில் விளம்பரமாகும் பெயர் தெரியாத மென்பொருள்களை இறக்கவே வேண்டாம்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பக்கக்குறிப்பு. தஜிமா, பருடான் போன்ற மெஷின்களின் பழைய மாடல்களில் ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு யூஎஸ்பி எமுலேட்டர் பொருத்தியிருப்பார்கள். அது ஒரு பென்டிரைவை 1.44 எம்பி அளவுள்ள பல ஃப்ளாப்பிகளாகப் பிரித்துவைக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் 16 ஜிபி டிரைவ் வெறும் 1.44 எம்பி என்று காட்டும். கெட்டுவிட்டது என்று நினைத்து பார்மட் போட்டால் மொத்த டிசைனும் காலி.

உண்மையிலேயே நோட்டுதான் கெட்டிருக்கிறது என்றால் வரிசை முக்கியம். முதலில், திறக்கிற ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகுதான் பழுதுபார்ப்பு. டிரைவின் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், செக் என்று போனால் செக்டிஸ்க் ஓடும். அது நோட்டின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பொருந்தாத வரிகளைத் திருத்தும். திருத்தம் என்றால் மீட்பு என்று பொருளல்ல: நோட்டு ஒழுங்காக வேண்டும் என்பதே அதன் கவலை, உங்கள் டிசைன் பிழைக்க வேண்டும் என்பதல்ல. காப்பியை முதலில் வைத்தது அதற்காகத்தான். உரிமையாளர் தெரியாத துண்டுகளைச் சில சமயம் சிஹெச்கே என்ற பின்னொட்டோடு தனி ஃபைல்களாக ஒதுக்கிவைக்கும். காணாமல்போன எம்பிராய்டரி டிசைன் அதில் ஒன்றாக இருக்கலாம். அந்தப் பின்னொட்டை எம்பிராய்டரி ஃபைல்களுக்குரிய டிஎஸ்டி என்று மாற்றி, காப்பியை பஞ்சிங் மென்பொருளில் திறந்துபார்ப்பதில் நஷ்டமில்லை.

செக்டிஸ்க் முடிந்ததும் முரண்டுபிடித்த ஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும். பிறகும் அழியவில்லையென்றால் பார்மட் போடலாம். அதன் இடம் இங்கேதான். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவ் என்றால் விண்டோஸின் வழக்கமான பார்மட் பெட்டியில் ஃபேட்32 தெரியாமல் எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸும் மட்டும் தெரியலாம், மெஷினோ அவற்றைப் படிக்காமல் போகலாம். மெஷினுக்கென்று சிறிய டிரைவாக வாங்குவது நல்லது. டிசைனுக்கும் டிசி, இன்வாய்ஸ் ஸ்கேன்களுக்கும் ஒரே பென்டிரைவ் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. எம்பிராய்டரி மெஷினுக்குப் போய்வருகிற டிரைவில் அவற்றுக்கு வேலையே இல்லை.

அதே டிரைவில் இதே சிக்கல் இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று தொடர்ந்தால் நோட்டை விட்டுவிட்டு குடோனைச் சந்தேகியுங்கள். விலை மலிவு என்று வாங்கிய டிரைவ், உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு வெளியே 64 என்று பொய் சொல்வதாக இருக்கலாம். எட்டு நிரம்பும்வரை எல்லாம் சுகம். பிறகு எழுதுவதெல்லாம் சிதையும். புதிதாக வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பி, திரும்பத் திறந்துபார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு நிலை, எழுத்துப் பாதுகாப்பு போட்டிருக்கிறது என்ற செய்தி. டிரைவில் அதற்கான ஸ்விட்சும் இல்லை, பார்மட்டும் ஆகவில்லை, ஆனால் எல்லாம் திறக்கிறது என்றால், சிப் தேய்ந்து, கன்ட்ரோலர் இனி எழுதவிடமாட்டேன் என்று பூட்டிக்கொண்டதாக இருக்கக்கூடும். இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு டிரைவை ஒதுக்குங்கள். வாரண்டி இருக்கிறதே என்று கடையில் மாற்றிக்கொள்ளக் கை நீளும். அதில் அடுத்த சீசனுக்கான, பையர் இன்னும் கடைக்குக் கொண்டுவராத டிசைன்கள் இருக்கின்றன. அவற்றை நம்மால் அழிக்க முடியாது, ஆனால் யாராலும் திறக்க முடியும். சில நூறு ரூபாய் போனால் போகட்டும். மேல் உறையை மட்டும் நசுக்காமல், உள்ளே பச்சை அட்டையில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சிப்பையே உடைத்துவிட்டு மின்கழிவில் போடுங்கள்.