மஞ்சள் இலையும் பிள்ளையின் மனமும்

நெல்லின் இலை மஞ்சளானதும் நாம் மருந்தடிக்க ஓடுவதில்லை. தண்ணீர் தேங்கியதா, பசளை போதவில்லையா, பூச்சியா என்று வரம்பில் நின்று நாலு நாள் பார்ப்போம். காணி பூமியை விட்டு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒற்றை அறைகளில் வாழும் எமக்கு, பிள்ளையின் மனம் மாறும்போது மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகிறது? குழப்படி என்று தடி எடுக்கிறோம். செய்வினை என்று நூல் கட்டுகிறோம். அல்லது அக்காவின் கலியாணம் குழம்பிவிடும் என்று மறைக்கிறோம்.

இருதுருவ மனநோய் என்றொரு நோய் உண்டு. ஒரு வாரமோ அதற்கு மேலோ மனம் மிதமிஞ்சி எழும். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பிராது. பேச்சு ஓயாது. தன்னால் முடியாதது எதுவுமில்லை என்று ஆபத்தில் இறங்கச் சொல்லும். வேறொரு காலத்தில் வாரக்கணக்காய் மனம் சோரும். படிப்பும் விளையாட்டும் கசக்கும். சாக வேண்டும் என்ற எண்ணமும் வரலாம். இடையில் பிள்ளை பழைய பிள்ளையாகவே இருக்கும்.

சிறு பிள்ளைகளில் இந்நோய் மிக அரிது. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ அதன் பின்னரோதான் தொடங்கும். அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து கோபக்காரப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. அது மிகையென்று கண்டு, ஓயாத எரிச்சலுக்கு 2013இல் அங்கு வேறு பெயர் வகுத்தார்கள். இது எமக்கும் பாடம். போர் 2009இல் முடிந்தது. ஆனால் அதன் பின் பிறந்த பிள்ளைகளும் பெற்றாரின் ஆறாத துயரோடும் கடனோடும் நெருக்கடியான அறையோடும் வளர்கின்றன. நாள்தோறும் வரும் கோபம் அந்தக் காயத்தின் குரலாக இருக்கலாம். இருதுருவ நோயோ வந்து, நின்று, விலகும் காலங்களாக வரும்.

உண்மையில் நோயென்றால் மறைப்பதால் மாறாது. இதற்குப் பயன்படும் லிதியத்தின் பலனை 1949இல் கண்டவர் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட். அவரும் போரில் அகப்பட்டு சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று வருடங்களுக்கு மேல் கைதியாய் இருந்தவர். இம்மருந்து எடுப்போருக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். நினைத்தபடி நிறுத்தவும் கூடாது. சோர்வுக்கான குளிசையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் மிதமிஞ்சி எழவும் கூடும். ஆகவே கடையில் கேட்டு வாங்கும் காரியமல்ல இது.

நாம் கேட்பது இவ்வளவுதான். ஒரு கொப்பியில் ஒரு மாதம் பிள்ளையின் தூக்கம், பேச்சு, கோபம், படிப்பு எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். குடும்பத்தில் எவருக்காவது இந்நோய் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். சிங்களம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் கொப்பி நிரம்பும்வரை காத்திராமல் அன்றே புறப்படுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

காணி போனாலும், பயிரைப் பார்த்துப் பழகிய கண் எம்மிடம் இருக்கிறது. அதைப் பிள்ளையின் பக்கம் திருப்புவோம்.