கூரையை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

1/
"டாக்டர், தாத்தாவோட அம்பாசிடர் ஷெட்டுல சும்மா நிக்குது. கூரையை வெட்டி ஓபன் காரா மாத்தினா மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம்னு பட்டறையில சொல்றாங்க. செய்யலாமா?"

இன்பாக்ஸ்ல வந்த கேள்வி இது. கார் விஷயத்தை டாக்டர்கிட்ட ஏன் கேட்கணும்னு தோணலாம். ஆனா இது பெயின்ட் விஷயம் இல்லைங்க, எலும்பு விஷயம். அதனால கொஞ்சம் விரிவாவே பேசுவோம்.

2/
முதல்ல ஒரு சின்ன சோதனை. மூடி போட்ட செருப்பு டப்பாவை ரெண்டு கையால பிடிச்சு முறுக்கிப் பாருங்க. அசையாது. மூடியை எடுத்துட்டு முறுக்குங்க. துணி மாதிரி வளையும்.

அம்பாசிடரும், நம்ம ஊர்ல ஃபியட்னு சொல்ற பிரீமியர் பத்மினியும் இந்த டப்பா மாதிரிதான். தனிச் சட்டகம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. இதுக்கு மோனோகாக்னு பேர். இந்தக் கார்ல கூரைங்கறது வெயிலுக்குப் பிடிச்ச குடை இல்ல, பாரத்தைச் சுமக்கற எலும்பு.

3/
அதை வெட்டினா என்ன ஆகும்? பள்ளத்துல இறங்கி ஏறும்போது வண்டி நடுவுல தொய்யும். கதவு சரியா மூடாது, மூடினா திறக்காது. முன்கண்ணாடி விரிசல் விடும். இதுவரைக்கும் கூரை சுமந்த பாரம் மொத்தமும் கதவுக்குக் கீழே இருக்கற விளிம்புப் பகுதிக்குப் போகும். ஐம்பது வருஷக் கார்ல துரு முதல்ல தின்னு வச்சிருக்கறதும் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

4/
"அப்போ கம்பெனிக்காரன் மட்டும் எப்படி ஓபன் கார் செய்றான்?" நியாயமான கேள்வி.

ஜெர்மனியில் கார்மன் நிறுவனம் 1949-லிருந்து ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை ஓபன் காரா செஞ்சாங்க. கூரையை எடுத்ததுக்கு ஈடா அடிப்பாகத்துல கூடுதல் இரும்பு வச்சு பலப்படுத்தினாங்க. அதனாலதான் கூரை இல்லாத கார், கூரை உள்ள காரைவிடப் பல சமயம் எடை கூடுதலா இருக்கும். வெட்டின அப்புறம் எடை குறைஞ்சிடுச்சுன்னு ஒரு பட்டறை பெருமையா சொன்னா, உஷாராயிடுங்க.

5/
இதுல விதிவிலக்கும் உண்டு. 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. நம்ம மதராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு தயாராச்சே, அதேதான். அதுக்கு அடியில தனிச் சட்டகம் இருந்தது. கூரையை போல்ட் போட்டுத்தான் மாட்டியிருந்தாங்க. அடுத்த வருஷமே கம்பெனி அதுல ஓபன் காரும் கொண்டு வந்துச்சு.

ஆக, "பழைய காரை ஓபன் ஆக்கலாமா"ன்னு பொதுவா கேட்கக் கூடாது. "இந்தக் கார்ல கூரை என்ன வேலை செய்யுது"ன்னு கேட்கணும்.

6/
இனி என் ஏரியா.

கார் உருண்டா கூரையும் தூண்களும்தான் தலைக்கும் ரோட்டுக்கும் நடுவுல நிக்கறது. நாம மூச்சு விட உதவும் உதரவிதானத்துக்குப் போற நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ம் மட்டங்கள்ல இருந்து கிளம்புது. அதுக்கு மேல தண்டுவடம் முழுசா அறுபட்டா, அந்த ஆள் தானா மூச்சு விட முடியாது. மத்தவங்க வந்து தூக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடலாம்.

தோள் வழியா வர்ற சீட் பெல்ட்டோட மேல் பிடிமானம் நடுத்தூண்ல இருக்கும். கூரையோட அந்தத் தூணையும் வெட்டினா பெல்ட்டும் போச்சு. பல பழைய கார்கள்ல பெல்ட்டே கிடையாதுங்கறது வேற கதை.

7/
"ஊர்வலத்துல மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகம்தானே டாக்டர்?"

உண்மைதான். நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஊர்ந்து போற வரைக்கும் பயம் கம்மி. ஆனா அந்தக் கார் மண்டபத்துக்கு எப்படி வந்துச்சு? ராத்திரி எப்படித் திரும்பிப் போகும்? பைபாஸ்லதானே!

ஊர்வலத்துலயும் குழந்தைங்க சீட்ல உட்கார மாட்டாங்க. சாய்மானத்து மேல ஏறி உட்காருவாங்க, நின்னுக்கிட்டு ஆடுவாங்க. டிரைவர் லேசா பிரேக் அடிச்சாலோ, கிளட்ச்சை வெடுக்குனு விட்டாலோ பின்மண்டை தரையில. தலைக்காயத்துக்கு வேகம் தேவையில்லைங்க, உயரம் போதும்.

8/
துணியையும் சொல்லிடறேன். உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-ல் பிரான்சின் நீஸ் நகரத்துல இறந்தது இப்படித்தான். திறந்த கார்ல போகும்போது கழுத்துல போட்டிருந்த நீளத் துணி சக்கரத்துல சிக்கிடுச்சு. நம்ம ஊர் கல்யாணத்துல அங்கவஸ்திரம், துப்பட்டா, முந்தானைன்னு எத்தனை துணி! எல்லாத்தையும் உள்ளே சுருட்டி வச்சு உட்காரச் சொல்லுங்க.

9/
சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோட ஒத்துப்போகாத மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செஞ்சது. மீறினா ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கப்போற முதல் கேள்வியே "வண்டியை மாத்தினீங்களா"ங்கறதுதான். கார்ல உட்கார்ந்திருந்த மத்தவங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?

10/
"என் கார், என் காசு, என் ஆசை"ன்னு சொல்றவங்களுக்கு: உங்க ஆசையை நான் மதிக்கறேன். கூரை இல்லாத கார்ல சாயங்காலக் காத்து முகத்துல அடிக்கற சுகம் எனக்கும் பிடிக்கும். அதுக்குத் திறந்த காராவே பொறந்த காரை வாங்குங்க, இல்ல வாடகைக்கு எடுங்க. தனியா ஓட்டற வரைக்கும் அது உங்க ஆசை. அடுத்தவங்களை ஏத்தி வாடகை வாங்கினா அது உங்க பொறுப்பு.

11/
ஊர்வலத்துக்கு ஓபன் கார் எடுக்கற குடும்பங்களுக்கு நாலே விஷயம்:

👉 கதவு ஒவ்வொண்ணையும் திறந்து மூடிப் பாருங்க. இடிச்சு மூடினா அந்தக் கார் வேண்டாம்.
👉 எல்லாரும் சீட்லதான் உட்காரணும். சாய்மானத்துல யாரும் கூடாது.
👉 சின்னக் குழந்தைகளை ஏத்தாதீங்க.
👉 ஊர்வலம் முடிஞ்சதும் மாப்பிள்ளை, பொண்ணு உட்பட எல்லாரும் இறங்கி வேற கார்ல ஏறணும்.

12/
தாத்தாவோட அம்பாசிடருக்கு என் பதில்: வெட்டாதீங்க. 2014-லயே அந்தக் கார் உற்பத்தி நின்னு போச்சு. இனி அது குறையுமே தவிர கூடாது. துருவைச் சரி பண்ணுங்க, பிரேக்கைப் புதுசாக்குங்க, நாலு ஜன்னலையும் இறக்கி விட்டு, பூ அலங்காரம் பண்ணி அதுலயே மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. போட்டோவும் நல்லா வரும், மாப்பிள்ளையும் முழுசா வந்து சேருவார்.

கல்யாண சீசன் வருது. வாடகைக்கு ஓபன் கார் தேடிட்டிருக்கற சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்பி வைங்க.