மேலே போனவரும் மேலானவரும்

திரிசங்கு மகாராஜாவின் கதையை நேயர்கள் அறிவார்கள். சொர்க்கத்துக்குள் புக அனுமதியில்லாமல், பூமிக்குத் திரும்பவும் வழியில்லாமல், நடு வானத்தில் தலைகீழாகத் தொங்கிய புண்ணியவான் அவர். இங்கிலாந்தின் கால்பந்துக் கோஷ்டிகளில் ஒன்றுக்கு வருஷந்தோறும் இந்தத் திரிசங்கு பதவி கிடைத்து வந்திருக்கிறது. இரண்டாவது வகுப்பில் மூன்றாவதாகத் தேறிய கோஷ்டிதான் அது.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் கால்பந்துக் கோஷ்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வருஷ முடிவில் மேல் வகுப்பில் கடைசியாக நிற்பவர்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். கீழ் வகுப்பில் முதலாக நிற்பவர்களை மேலே ஏற்றிவிடுவார்கள். 1998-ஆம் வருஷத்தில் எல்லாவற்றுக்கும் மேலான வகுப்புக்குப் 'பிரீமியர் லீக்' என்று பெயர். அதற்கு அடுத்த இரண்டாவது வகுப்புக்கு 'முதல் டிவிஷன்' என்று பெயர்! இரண்டாவதை முதலாவது என்று அழைக்கும் அந்தக் கணக்கு வெள்ளைக்காரர்களுக்கே வெளிச்சம்.

இந்த வகுப்பில் 24 கோஷ்டிகள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு 46 ஆட்டம் ஆட வேண்டும். முதல் இரண்டு இடத்துக்கு வந்தவர்கள் தாமாகவே மேலே போய்விடுவார்கள். மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்த நால்வரும் தங்களுக்குள் மோதி, கடைசியில் வெற்றி பெறும் ஒருவர் மட்டும் மேலே போக வேண்டும் என்பது அப்போதைய விதி. 1987-இல் ஏற்பட்ட ஏற்பாடு இது. இதன் இறுதிப் பந்தயத்தை 1990 முதல் ஒரே ஆட்டமாக, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் வைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம் பலமானதுதான். முன்பெல்லாம் மாசி, பங்குனி மாதத்திலேயே பாதிக் கோஷ்டிகளுக்கு ஆசை அற்றுப் போகும். ஆசை அற்றுப் போனால் ஜனங்கள் மைதானத்துக்கு வர மாட்டார்கள்; டிக்கெட்டும் விற்காது. இப்போதோ எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் இருப்பவனுக்கும் கடைசி வாரம் வரையில் ஒரு நப்பாசை உண்டு.

ஆனால் எதிர்க் கட்சி வாதத்தையும் கேட்க வேண்டுமல்லவா? வருஷம் முழுவதும் எழுதிய பரீட்சையில் மூன்றாவதாகத் தேறிய பிள்ளையையும் ஆறாவதாகத் தேறிய பிள்ளையையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்து, "போனதெல்லாம் போகட்டும், இன்று மத்தியானம் ஒரு கேள்வி கேட்போம், அதற்குப் பதில் சொன்னவன்தான் பாஸ்" என்றால், அந்தப் பிள்ளையின் தகப்பனார் சும்மா இருப்பாரா?

1998-இல் அந்தத் தகப்பனாரின் நிலையில் இருந்த ஊர் ஸண்டர்லண்ட். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வியர் நதி கடலில் கலக்குமிடத்தில் உள்ள தொழிலாளர் நகரம். ஒரு காலத்தில் கப்பல் கட்டுவதிலும் நிலக்கரி எடுப்பதிலும் பேர் போனது. 1980-களின் இறுதியில் கப்பல் பட்டறைகள் மூடப்பட்டன. வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்திலேயே, 1997-இல், 'ஒளி மைதானம்' என்ற பெயரில் ஒரு புதிய பந்தாட்ட மைதானத்தைக் கட்டினார்கள். பாட்டனும் தகப்பனும் இருட்டில் இறங்கி வேலை செய்த இடத்தில் பேரன் வெளிச்சத்தில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்தான். தொழில் போன ஊருக்கு மிஞ்சியிருந்த பெருமை அந்த ஆட்டந்தான். அந்த வருஷம் ஸண்டர்லண்ட் பெற்ற புள்ளிகள் 90. இரண்டாவதாக வந்த மிடில்ஸ்பரோ பெற்றவை 91. ஒரே ஒரு புள்ளியில் மேலே போகும் பாக்கியம் தவறிப் போயிற்று!

நாலாவதாக வந்தது, 88 புள்ளிகள் பெற்ற சார்ல்டன். தென்கிழக்கு லண்டனைச் சேர்ந்த சின்னக் கோஷ்டி. ஆனால் இதன் கதையும் லேசானதல்ல. 1985-இல் இவர்கள் தங்களுடைய 'வாலி' மைதானத்தை இழந்து, மற்றக் கோஷ்டிகளின் மைதானங்களில் ஒண்டுக் குடித்தனம் செய்ய நேர்ந்தது. சொந்த மைதானத்துக்குத் திரும்ப முயன்றபோது, உள்ளூர் நகர சபை அதைச் செப்பனிடும் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'வாலி கட்சி' என்று ஒரு கட்சியையே ஆரம்பித்து, 1990-ஆம் வருஷத்து நகர சபைத் தேர்தலில் நின்றுவிட்டார்கள்! ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. ஆனால் 14,838 வோட்டுகள் கிடைத்தன. இத்தனை வோட்டுகளைக் கண்ட பிறகு எந்த நகர சபைக்குத்தான் மனம் இளகாது? பிறகு அனுமதி கிடைத்தது. 1992 டிசம்பர் 5-ஆம் தேதி சார்ல்டன் தன் சொந்த மண்ணில் மீண்டும் ஆடியது. மண்ணுக்காகப் போராடுகிறவர்களின் அருமை நமக்குத் தெரியாதா?

ஆகவே 1998 மே 25-ஆம் தேதி வெம்ப்ளியில் எதிரெதிரே நின்றவை இரண்டு கோஷ்டிகள் மட்டுமல்ல. அடி பட்டு எழுந்த இரண்டு ஊர்கள். பார்க்க வந்தவர்கள் 77,739 பேர்.

சார்ல்டன் அதற்கு முன் தொடர்ச்சியாக ஒன்பது ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாமல் கோட்டை காத்து வந்திருந்தது. அன்று அந்தக் கோட்டையில் நாலு ஓட்டை விழுந்தது. நல்ல வேளையாக அவர்கள் எதிரியின் கோட்டையிலும் நாலு ஓட்டை போட்டார்கள்.

முதல் கோலைச் சார்ல்டனின் கிளைவ் மெண்டோன்சா அடித்தார். இடைவேளைக்குப் பிறகு ஸண்டர்லண்டின் நியல் குவின் அதைச் சமன் செய்தார்; கெவின் பிலிப்ஸ் இரண்டாவது கோல் போட்டு முன்னுக்குக் கொண்டுபோனார். மெண்டோன்சா மறுபடியும் சமன் செய்தார். இரண்டே நிமிஷத்தில் குவின் மூன்றாவது கோல் போட்டார். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷந்தான் பாக்கி. அப்போது சார்ல்டனின் பின்வரிசை ஆட்டக்காரர் ரிச்சர்ட் ரூபஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். சார்ல்டனுக்காக அதுவரை ஒரு கோல்கூட அடிக்காதவர் அவர்! மூன்றுக்கு மூன்று. அதிகப்படியாக அரை மணி நேரம் ஆடச் சொன்னார்கள். ஸண்டர்லண்டின் சம்மர்பீ ஒன்று அடித்தார். மெண்டோன்சா தம்முடைய மூன்றாவது கோலை அடித்தார். நாலுக்கு நாலு.

இந்த மெண்டோன்சா யார் என்று சொல்ல வேண்டும். அவர் ஸண்டர்லண்டில் வளர்ந்தவர். பிள்ளைப் பிராயத்திலிருந்து ஸண்டர்லண்ட் கோஷ்டியின் பக்தர். அவரை முந்தின வருஷந்தான் 7 லட்சம் பவுன் கொடுத்துச் சார்ல்டன் வாங்கியிருந்தது. கர்ணன் உடன்பிறந்தவர்களை எதிர்த்து நின்றதற்குக் காரணம் செஞ்சோற்றுக் கடன் அல்லவா? அதே கடனைத்தான் அன்று இவரும் தீர்த்தார்; தாம் வளர்ந்த ஊரின் மீது மூன்று அம்பு விட்டார்.

இனிமேல் பெனால்டி. பந்தை வைத்து ஒவ்வொருவராக உதைக்க வேண்டும். எதிரே கோல் காவலர் ஒருவர் மட்டும். இரு கட்சியிலும் ஐந்து ஐந்து பேர் உதைத்தார்கள், அத்தனையும் கோல். ஆறாவது பேரும் உதைத்தார்கள், கோல். ஏழாவதாகச் சார்ல்டனின் ஷான் நியூட்டன் உதைத்தார், அதுவும் கோல். ஸண்டர்லண்டின் ஏழாவது ஆள் மைக்கேல் கிரே. வயது இருபத்து மூன்று. அந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் கோஷ்டியின் பெயரை ஜபித்து வளர்ந்த பிள்ளை. அவர் உதைத்த பந்தில் வலு இல்லை. சார்ல்டனின் காவலர் சாஷா இலிச் பாய்ந்து தடுத்துவிட்டார். ஏழுக்கு ஆறு. சார்ல்டன் மேலே போயிற்று.

46 ஆட்டம், அப்புறம் இரண்டு அரை இறுதி ஆட்டம், அப்புறம் 120 நிமிஷம், அப்புறம் பதின்மூன்று உதை. இத்தனைக்கும் பிறகு பதினாலாவது உதையில் தீர்ப்பு எழுதப்பட்டது. அன்று ஸண்டர்லண்ட் நாலு கோல் விட்டது. அந்த நாலுக்கும் பொறுப்பாளிகள் பலர். ஆனால் ஜனங்களின் ஞாபகத்தில் தங்கியது கிரேயின் உதை ஒன்றுதான். பழியைப் பதினொரு பேருக்குப் பங்கு போடுவது சிரமமான காரியம். ஒருவர் தலையில் தூக்கி வைப்பது வெகு சுலபம்.

சரி, தீர்ப்பு எழுதியாயிற்று. அது எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்று பார்ப்போம்.

மேலே போன சார்ல்டன் அடுத்த வருஷமே, 1999-இல், பதினெட்டாவதாக வந்து கீழே இறங்கியது. மேலே போகாத ஸண்டர்லண்ட் அதே வருஷம் இரண்டாவது வகுப்பில் 46 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே தோற்று, 105 புள்ளிகளோடு முதலாவதாகத் தேறியது. அடுத்து வந்தவருக்கும் அதற்கும் பதினெட்டுப் புள்ளி வித்தியாசம்! மைக்கேல் கிரே அந்தக் கோஷ்டியிலேயே நிலைத்து ஆடினார். அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஹங்கேரிக்கு எதிராக இங்கிலாந்து தேசக் கோஷ்டியில் முதன்முதலாக இடம் பெற்றார். வெம்ப்ளியில் அவருடைய உதை தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சார்ல்டனும் சோர்ந்து உட்காரவில்லை. 2000-ஆம் வருஷம் 91 புள்ளிகளோடு முதலாவதாக வந்து, யாருடைய பெனால்டி தயவும் இல்லாமல் மேலே போயிற்று. ஒரு மத்தியானத்து அதிர்ஷ்டத்தால் ஏறியபோது மேலே இருந்தது ஒரு வருஷம். வருஷம் முழுவதும் பாடுபட்டு ஏறியபோது ஏழு வருஷம், 2007 வரையில், அங்கே நிலைத்து நின்றது.

அப்படியானால் இந்த இறுதிப் பந்தயம் வெறும் அநியாயம் என்று தீர்மானித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஸண்டர்லண்ட்காரர்களின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1990-இல் இவர்கள் ஆறாவதாக வந்தவர்கள். அரை இறுதியில், மூன்றாவதாக வந்த அண்டை ஊர்ப் பகைவரான நியூகாஸிலைத் தோற்கடித்தார்கள். வெம்ப்ளி இறுதியில் ஸ்விண்டனிடம் தோற்றுப் போனார்கள். ஆனால் ஸ்விண்டன் பணக் கணக்கில் முறைகேடு செய்திருந்தது என்று கண்டு, அதை மேலே போக விடாமல் தடுத்துவிட்டார்கள். ஆகவே தோற்ற ஸண்டர்லண்ட் மேலே போயிற்று! ஆறாவதாக வந்து, இறுதியிலும் தோற்று, மேல் வகுப்பு ஏறியவர்கள் பூலோகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பின்னும் விதி ஓயவில்லை. 2019-இல் இதே இரு கோஷ்டிகளும், மூன்றாவது வகுப்பிலிருந்து ஏறுவதற்காக, வெம்ப்ளியில் மறுபடி சந்தித்தன. கடைசி நிமிஷத்தையும் தாண்டி விழுந்த ஒரு கோலால் சார்ல்டன் இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தது. 2025 மே 24-ஆம் தேதி ஸண்டர்லண்டின் முறை வந்தது. பிரீமியர் லீகுக்கு ஏறுவதற்கான இறுதிப் பந்தயத்தில் ஷெபீல்ட் யுனைடெட்டை இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தது. டாமி வாட்ஸன் என்ற பத்தொன்பது வயதுப் பையன் ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் போட்ட கோல் அது. அந்த ஒரு ஆட்டத்தின் மதிப்பு 20 கோடி பவுனுக்குக் குறையாது என்று கணக்கு நிபுணர்கள் சொன்னார்கள். மறு நாள் சார்ல்டனும் வெம்ப்ளியில் வேறொரு இறுதிப் பந்தயத்தில் வென்று, மூன்றாவது வகுப்பிலிருந்து இரண்டாவதற்கு ஏறியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2025-இல் தோற்ற ஷெபீல்ட் யுனைடெட் பெற்றிருந்த புள்ளிகள் 90. ஜயித்த ஸண்டர்லண்ட் பெற்றிருந்தவை 76. 1998-இல் 90 புள்ளிகளோடு அழுத ஊர், 2025-இல் 90 புள்ளிக்காரனை அழ வைத்துவிட்டுச் சிரித்தது. அன்று அநியாயமாகத் தோன்றியது இன்று நியாயமாகிவிட்டதா? இல்லை. மழை யாருடைய வயலில் பெய்கிறதோ அவருக்கு அது நல்ல மழையாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

என் அபிப்பிராயம் இது. இறுதிப் பந்தயம் "மேலே போகிறவர் யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுகிறது. யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும். பந்தயம் வைத்துத் தீர்மானிப்பதில் பிசகில்லை. ஆனால் "மேலானவர் யார்?" என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் எந்த மத்தியானத்துக்கும் கிடையாது. அதற்கு வருஷக்கணக்கில் விடை எழுத வேண்டியிருக்கிறது. முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொண்டு, ஜயித்தவரைத் தெய்வமாக்குவதும் தவறியவரைத் தூற்றுவதும் மைதானத்தில் மட்டும் நடப்பதில்லை. பரீட்சை முடிவு வெளியாகும் நாளில், வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஜாபிதா வெளியாகும் நாளில், நம்முடைய வீட்டுத் திண்ணைகளிலும் இதுவேதான் நடக்கிறது.

ஒரு மார்க்கில் தவறிய பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால், அவனுக்கு ஆறுதல் மொழி ஆயிரம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷம் ஸண்டர்லண்ட் பெற்ற புள்ளிகள் 105 என்பதை மட்டும் சொன்னால் போதும்.