முதுமை ஒரு நோயின் பெயரன்று

கிழக்குதிரை மெலிந்துபோனால் அதற்குக் காரணம் கேட்பவர் அரிது. 'வயதாகிவிட்டது' என்ற சொல், கேள்வி பிறக்குமுன்னரே விடையாக வந்து நின்றுவிடுகிறது. பந்தயத்திலோ வண்டியிலோ ஓடி ஓய்ந்த குதிரையின் விலா எலும்புகள் வெளித்தெரிவதை, மரம் இலையுதிர்ப்பதைப் போன்றதொரு இயற்கை நிகழ்வாகவே லாயக்காரரும் உரிமையாளரும் எடுத்துக்கொள்கின்றனர். இலக்கியம் வாசிக்கும் நாமோ ஒரு படி மேலே போய் அம்மெலிவைக் குறியீடாக்கிவிடுகிறோம். அவர்கள் செய்வதற்கு அசட்டை என்று பெயர். நாம் செய்வதற்கு ரசனை என்று பெயர். குதிரைக்கு இரண்டும் ஒன்றே.

இக்குற்றச்சாட்டுக்கு நம் கைவசமுள்ள மிகச் சிறந்த சான்று டால்ஸ்டாயின் 'ஹோல்ஸ்தமேர்'. 1863இல் எழுதத் தொடங்கப்பட்டு, 1886இல் வெளிவந்த இக்கதையின் நாயகன் காயடிக்கப்பட்ட ஒரு கிழக்குதிரை. ஒருகாலத்தில் வேகத்துக்குப் பெயர்பெற்றிருந்த அது, இப்போது குதிரை மேய்ப்பவன் ஒருவனைச் சுமக்கும் நிலைக்கு இறங்கிவிட்டது. சக குதிரைகளிடம் அது தன் கதையைச் சொல்கிறது. உடைமை என்ற கருத்தே அதற்கு விளங்கவில்லை. 'என் குதிரை' என்று மனிதர்கள் சொல்வது விநோதமாகப் படுகிறது.

விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் எழுதிய 'கலை ஓர் உத்தி' என்ற கட்டுரையில் இக்கதையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். பழக்கம் நம் கண்ணை மறைத்துவிடுகிறது. பழகிய பொருளைப் புதிதாகக் காணச்செய்வதே கலையின் வேலை என்பது அவர் கொள்கை. தமிழில் அதைப் பரிச்சய நீக்கம் என்கிறோம். அன்றுமுதல் ஹோல்ஸ்தமேர் என்றாலே பரிச்சய நீக்கம், பரிச்சய நீக்கம் என்றாலே ஹோல்ஸ்தமேர் என்று ஒப்பிக்கப் பழகிவிட்டோம். பழக்கத்தை உடைக்க வந்த கோட்பாடே பழக்கமாகிப்போனதன் விளைவு, குதிரையின் குரலைக் கேட்டோம். அதன் உடம்பைப் பார்க்க மறந்தோம்.

டால்ஸ்டாய் மறக்கவில்லை. குதிரைகளை அறிந்தவர் அவர். ஹோல்ஸ்தமேரின் உடலை அங்குலம் அங்குலமாக எழுதிவைத்திருக்கிறார். அவ்வர்ணனையில் மூன்று செய்திகள் கிடக்கின்றன. மூன்றையும் 'முதுமையின் சித்திரம்' என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோனது நம் விமர்சன மரபு.

முதலாவது, பல். தொங்கும் உதட்டினூடே, தேய்ந்து மஞ்சளித்த கீழ்ப்பற்களின் மிச்சங்கள் தெரிவதாக அவர் எழுதுகிறார். குதிரையின் கடைவாய்ப் பல் இளமையில் பெரும்பகுதி தாடைக்குள் புதைந்திருக்கும். ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை அது வெளித்தள்ள, ஏறத்தாழ அதே அளவு அரைப்பில் தேய்ந்துபோகும். இருப்பு முடிவற்றதன்று; இருபதுகளின் பிற்பகுதியில் பல குதிரைகளுக்கு அது தீர்ந்துவிடுகிறது. பிறகு புல்லை அரைக்க இயலாது. பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாக வாயிலிருந்து விழும். தொட்டி நிறையத் தீனி இருந்தும் வயிறு காயும். வெளியே தெரியும் முன்பற்களே அக்கதி என்றால், கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பற்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது நம் பழமொழி. உழைத்துக் கொடுத்த குதிரையைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமலிருப்பது எந்த மொழியில் மரியாதை?

இரண்டாவது, மயிர். முதுமைக்குரிய நீண்ட மயிர் மூடியிருந்தும் விலா எலும்புகள் அனைத்தும் தெளிவாகத் தெரிந்தன என்கிறார் டால்ஸ்டாய். பருவம் மாறியும் உதிராமல் நீண்டு வளரும் மயிர், முதிய குதிரைகளில் ஒரு நோயின் முதன்மையான அடையாளம் என்பதை இன்று கால்நடை மருத்துவம் அறியும். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் டோபமைன் நரம்புகள் சிதைய, சுரப்பு மிகுந்துவிடுகிறது. முதுகுத் தசை கரைகிறது, தாகம் மிகுகிறது, குளம்பில் அழற்சி தோன்றுகிறது, தொற்றுகள் எளிதில் பற்றுகின்றன. 15 வயதைக் கடந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ரத்தத்தில் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனை அளந்து இதைக் கண்டறியலாம். பெர்கோலைடு என்ற மருந்தை நாள்தோறும் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம். முற்றாகக் குணப்படுத்த முடியாது.

கதைக் குதிரைக்கு நாம் மருத்துவச் சான்றிதழ் எழுதவில்லை. டால்ஸ்டாய் காலத்தில் இந்நோய்க்குப் பெயரில்லை. ஆனால் அவர் கண் கண்டதை அவர் பேனா எழுதிவிட்டது. 'முதுமைக்குரிய' என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் காலம் அவருக்குக் கொடுத்தது. அவருக்கு வேறு சொல் இல்லை. நமக்கு இருக்கிறது, இருந்தும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, மந்தை. மேய்ச்சலில் இளங்குதிரைகள் கிழக்குதிரையைத் துரத்தியும் கடித்தும் துன்புறுத்துகின்றன. நாம் அதைச் சமூக உருவகமாக வாசித்தோம். குதிரை வளர்ப்போருக்கு அது அன்றாட உண்மை. குதிரைக் கூட்டத்தில் மேல் கீழ் உண்டு. மூட்டு வலியால் விரைந்து நடக்கவியலாத முதியது தீனித் தொட்டியிலிருந்து விரட்டப்படும். உரிமையாளர் நிறையத்தான் போடுகிறார். அதைத் தின்பது யார் என்று நின்று பார்ப்பதில்லை.

இம்மூன்றுடன் பட்டியல் முடிவதில்லை. குடற்சுவருக்குள் உறங்கும் சிறு புழுக்கள், ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, கட்டிகள் என்று காரணங்கள் நீளும். 1983இல் ஹென்னக்கும் அவர் சகாக்களும் குதிரையின் உடற்கட்டை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறையொன்றை வெளியிட்டனர். கழுத்து, பிடரிமேடு, விலா, வாலடி ஆகிய இடங்களைக் கண்ணால் பார்ப்பதோடு கையாலும் தடவிப் பார்க்கச் சொல்கிறது அம்முறை. நீண்ட மயிர் கண்ணை ஏமாற்றும், கை ஏமாறாது. 'காரணம் தெரியாத மெலிவு' என்று நாம் வழங்குவதில் பெரும்பகுதி காரணம் தேடப்படாத மெலிவே.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். இலக்கியப் பிரதியை மருத்துவ அறிக்கையாகச் சுருக்குகிறீர்கள் என்பது ஒன்று. பல் தேய்ந்த குதிரையைக் கண்டவருக்கு அக்குதிரையின் பேச்சு கூடுதலாகவே வலிக்கும். இதில் சுருங்குவது எது? உருவகம் உடம்பின்மேல்தான் நிற்கவேண்டும். உடம்பை விழுங்கி நிற்கும் உருவகம் வெறும் சோம்பேறித்தனம்.

இயற்கையின் போக்கில் விட்டுவிடுவதே கருணை என்பது மற்றொன்று. வேலியிட்ட கொட்டிலில், மனிதன் வைத்த நேரத்தில், மனிதன் போட்ட தீனியைத் தின்னும் பிராணிக்கு இயற்கை எங்கே இருக்கிறது? ஆயுள் முழுவதும் இயற்கையிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்திருந்துவிட்டு, செலவு வரும் நாளில் மட்டும் இயற்கையிடம் ஒப்படைப்பது கருணையன்று, கணக்கு.

இது வசதி படைத்தவர்களின் விவகாரம் என்பது மூன்றாவது. ரத்தப் பரிசோதனைக்கும் அன்றாட மருந்துக்கும் பணம் வேண்டும் என்பது உண்மை. விழுந்து கிடக்கும் புல் உருண்டையைக் கவனிக்கப் பணம் வேண்டாம். தீனியை ஊறவைத்துக் குழைவாகக் கொடுக்க, கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்து ஊட்டப் பெருஞ்செலவு இல்லை. வாயைத் திறந்து பார்க்க ஒரு கால்நடை மருத்துவரை அழைப்பது, அக்குதிரை சம்பாதித்துக் கொடுத்ததன் சிறு துளிக்குக்கூட ஈடாகாது.

அனைத்தையும் தேடியபின்னும் காரணம் அகப்படாமல் போகலாம். அகப்பட்டும் பயனற்றுப் போகலாம். அப்போது வலியற்ற முடிவைத் தேர்வதில் குற்றமில்லை. தேடாமல் வழங்கும் தீர்ப்பையே நாம் எதிர்க்கிறோம்.

ஹோல்ஸ்தமேருக்குச் சொறி பற்றிக்கொண்டதும் அதைக் கொன்றுவிட முடிவாகிறது. தோலுரிப்பவன் வந்து அதன் தலையை உயர்த்திப் பிடிக்கிறான். தனக்கு வைத்தியம் செய்யப்போகிறார்கள் போலும் என்று எண்ணி, செய்யட்டும் என்று அக்குதிரை அடங்கி நிற்கிறது. உலக இலக்கியத்தில் இதைவிடக் கசப்பான எதிர்பார்ப்பு வேறு உண்டா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நாம் நூறாண்டுக்கும் மேலாகப் புத்தகத்தை மூடிவைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். குதிரை எதிர்பார்த்தது வைத்தியத்தை.