காதல் பாஷையும் வீட்டுப் பாஷையும்

இந்த வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. வழக்கமாகச் சாமி படம் இருக்கும் இடத்தில் குறுந்தொகைப் பாட்டு ஒன்று அச்சிடப்பட்டிருந்ததைக் கண்டு நமக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்றால், ஒருவருடைய தாய் தகப்பனை மற்றவருடைய தாய் தகப்பன் அறிந்தேயிராத இருவர், எந்த உறவு முறையும் இல்லாமல், தாங்களாகவே கண்டு தாங்களாகவே சேர்ந்துகொண்டதைப் பற்றியது. அதைப் படித்துவிட்டுக் கீழே பார்த்தால், மணமகள் மணமகனுடைய சொந்தத் தாய்மாமன் மகள்! இரு வீட்டார் பெயருக்குப் பின்னாலும் ஒரே ஜாதிப் பட்டம்!

மாமன் மகளைக் கட்டிக்கொள்வது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. இருவருக்கும் இஷ்டமிருந்தால் அது அவர்கள் பாடு. ஆனால், உறவு என்ற ஒரே யோக்கியதையைப் பார்த்து நிச்சயித்த கல்யாணத்துக்கு, உறவே இல்லை என்று பெருமைப்படும் பாட்டைத் தலைப்பில் போடுகிறார்களே, இது எப்படிச் சாத்தியமாகிறது என்றுதான் யோசித்துப் பார்த்தோம். சாத்தியமாவதற்குக் காரணம், காதல் பாஷை என்பது நம் நாட்டில் நெடுநாளாகவே கதைக்கும் பாட்டுக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைக்கப்பட்டுவிட்டதேயாகும். பண்டிகை நாளில் எடுத்துக் கட்டி மறுநாள் மடித்துப் பெட்டியில் வைத்துவிடும் பட்டு வேஷ்டியைப் போல அது இருந்து வருகிறது.

1879ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழில் முதல் நாவல் என்பார்கள். அதில் ஞானாம்பாள் என்ற பெண் ராஜ்யபாரம் செய்கிறாள். ஆனால் அதற்கு அவள் ஆண் வேஷம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது! அதன் பிறகு வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் ரெயினால்ட்ஸ் முதலிய வெள்ளைக்காரர்களின் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்த காலத்தில், கதாநாயகி வாயைத் திறந்தால் "பிராணநாதா" என்பதும், கதாநாயகன் வாயைத் திறந்தால் "கண்மணி" என்பதுமாக இருந்தது. 1931ல் பேசும் படம் வந்த பின்னும் கொஞ்ச காலம் இதே "நாதா"வும் "சுவாமி"யும்தான். இந்த நாதாவை எந்த வீட்டு அடுப்பங்கரையிலாவது யாராவது காதால் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் புருஷன் பயந்துபோய் வைத்தியரைத்தான் கூப்பிட்டிருப்பான். இன்று சினிமாவில் நாதா போய்விட்டார். பேச்சு வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஆனால் பாட்டு என்று ஒன்று வந்துவிட்டால் நிலவும் தேனும் உயிரும் தேவதையும் பழையபடி ஆஜராகிவிடுகின்றன.

நிற்க, புத்தகத்திலும் பாட்டிலும் அலங்காரமாய்ப் பேசக் கூடாது என்று நாம் சட்டம் போட வரவில்லை. சோற்றுக்கு உப்பு வேண்டியதைப்போல் கதைக்குக் கொஞ்சம் அலங்காரமும் வேண்டியதுதான். நாம் கவனிக்கச் சொல்வது வேறு ஒரு சங்கதி. டூயட் பாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் அவனும் "நீ" என்கிறான். அவளும் "நீ" என்கிறாள். பாட்டு முடிந்து தாலி ஏறினதும் என்ன ஆகிறது? அவனுடைய "நீ" அப்படியே இருக்கிறது. கோபம் வந்தால் "ஏண்டி", "போடி" என்று இன்னும் கீழே இறங்கவும் செய்கிறது. அவளுடைய "நீ" மாத்திரம் அன்றைக்கே பறிமுதல் செய்யப்பட்டு, "என்னங்க", "வாங்க", "சொல்லுங்க" என்று ஆகிவிடுகிறது. மூன்று நிமிஷப் பாட்டில் இருந்த சமத்துவம் முப்பது வருஷக் குடித்தனத்தில் இல்லையென்றால், அந்தப் பாட்டில் இருந்தது என்ன சமத்துவம் என்று கேட்கிறோம்.

பெயர் விஷயம் இதைவிட மோசம். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வைத்ததால், ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கணவன் பெயர் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "நீ சொல்லுடா" என்ற கிழவிகளை நம்மில் யார் பார்க்கவில்லை? புருஷன் பெயர் வெள்ளைச்சாமி என்றால் வெள்ளைத் துணியைக்கூட வேறு பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் அவன் ஊரெல்லாம் கேட்க அவளைப் பெயர் சொல்லி அழைக்கலாம்; அதனால் அவள் ஆயுசு குறைவதில்லையாம்! அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமும் விதி செய்திருக்கிறது. அங்கே அந்த விதி இருவருக்கும் பொது. வீட்டிலோ அது ஒருத்திக்கு மட்டும் பூட்டின பூட்டாகிவிட்டது.

இது வெறும் மரியாதைப் பேச்சுத்தானே, இதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு ஓட்டர் ஜாபிதா தயாரித்தபோது, பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய வடக்குப் பகுதிகளில், ஏராளமான பெண்கள் தங்கள் சொந்தப் பெயரை அந்நியரிடம் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிந்துகொண்டார்கள். சொந்தப் பெயர் கொடுக்காதவர்களை எடுத்துவிட வேண்டியது என்று தேர்தல் கமிஷன் முடிவு செய்ததில் சுமார் 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவிலிருந்து விழுந்துபோனார்கள். பெயர் சொல்லக் கூச்சம் என்று வீட்டில் ஆரம்பித்தது, ஓட்டுப் பெட்டி வரையில் போய் நின்றது. நம் பக்கத்தில் இப்போது படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்கள் பலர் புருஷனைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் மாமியார் வீட்டுக்குப் போனால் அந்தப் பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவர்களும் அவர்களில் உண்டு.

ராணி, மகாலட்சுமி, தேவி என்று பட்டம் சூட்டுவதற்குப் பணம் காசு செலவில்லை. ஆதலால் அது தாராளமாக நடக்கிறது. அந்த ராணியின் பெயரில் பட்டா இருக்கிறதா, அவளுடைய சம்பளத்தை அவளே செலவு செய்கிறாளா என்று கேட்டால் மட்டும், "குடும்ப விஷயத்தில் நீர் ஏன் ஐயா தலையிடுகிறீர்?" என்கிறார்கள். 1989லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது. அந்தப் பங்கைக் கேட்ட தங்கையைத் தேவி என்று அழைத்த அண்ணன்மார் எத்தனை பேர்? 2019-21ல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் புருஷனிடம் ஒரு தடவையாவது அடி உதை முதலான கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்த வீடுகளிலும் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அப்படியானால் புருஷன் பெண்ஜாதி இருவரும் வீட்டில் நாள் முழுதும் உயிரே, தேனே என்று பேசிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதே இல்லை. உண்மையில் நம் ஜனங்கள் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று வாயால் சொல்வதே கிடையாது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கூச்சப்பட்டு "ஐ லவ் யூ" என்று இங்கிலீஷில் சொல்லிவிடுகிறார்கள். மற்றபடி "சாப்பிட்டாயா?" என்று கேட்பதிலும், "வெயிலில் போகாதே" என்று சொல்வதிலுமே நம்முடைய அன்பெல்லாம் அடங்கிவிடுகிறது. கூலி வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் சேர்ந்து திரும்பும் கிழவனும் கிழவியும் வழியில் ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஆற்றிக் குடிப்பதைப் பார்த்தால், எந்த நாவலாசிரியரும் எழுதாத காதல் அதில் தெரியும். ஆகவே வீட்டுப் பாஷை வறட்டுப் பாஷை என்பது நம் அபிப்பிராயமல்ல. "சாப்பிட்டாயா?" என்ற அந்தக் கேள்வியை யார் யாரைக் கேட்கிறார்கள், யார் கடைசியில் சட்டியைச் சுரண்டித் தின்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கச் சொல்லுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. திரையில் காதலர் பிரிந்தால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அதே தகப்பன், தன் வீட்டுப் பெண் வேறு ஜாதிப் பையனைப் பார்த்தாள் என்றதும் அரிவாளைத் தேடுகிறான். இவன் சினிமாக் கொட்டகையில் அழுததும் பொய்யல்ல; வீட்டில் அரிவாளைத் தேடினதும் பொய்யல்ல. கொட்டகையில் கேட்ட பாஷை தன் வீட்டுக்கும் பொருந்தும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. 2011-12ல் எடுத்த ஓர் ஆராய்ச்சிக் கணக்கில், இந்தியாவில் ஜாதி மாறிச் செய்துகொண்ட கல்யாணம் 100க்கு ஐந்தோ ஆறோதான் என்று கண்டிருக்கிறது. வயதுவந்த இருவர் மனமொத்துச் சேருவதைத் தடுக்கக் குடும்பத்துக்கோ ஜாதிப் பஞ்சாயத்துக்கோ பாத்தியம் கிடையாது என்று 2018ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான வருஷமாய்க் காதலைப் பாடி வந்த ஒரு தேசத்தில், காதலித்தவர்களைக் கொல்லாதே என்று கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது!

இந்த இரண்டு பாஷையையும் சந்திக்க வைத்த ஒரு காரியமும் நடந்திருக்கிறது. 1967ல் நம் சட்டசபையில் நிறைவேறி 1968ல் அமுலுக்கு வந்த சுயமரியாதைக் கல்யாணச் சட்டத்தில், மந்திரமோ புரோகிதரோ தேவையில்லை. உறவினர், நண்பர் முதலியோர் முன்னிலையில், அவ்விருவருக்கும் புரிகிற ஏதாவதொரு பாஷையில், இவரை நான் மனைவியாக ஏற்கிறேன், இவரை நான் கணவனாக ஏற்கிறேன் என்று சொன்னாலே போதும் என்று இருக்கிறது. மாலையோ மோதிரமோ மாற்றினாலும் சரி. தாலி கட்டினாலும் சரி. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாகச் செய்தால்தான் இந்தக் கல்யாணம் செல்லும் என்ற வாதத்தையும் 2023ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. சட்டத்தில் நிலவும் இல்லை, தேனும் இல்லை. ஆனால் ஆண் சொல்லுகிற அதே வாக்கியத்தைப் பெண்ணும் சொல்லுகிறாள். அவள் தன் வாயால் சொல்லவேண்டியிருப்பதால், அவளுக்கு இஷ்டமா இல்லையா என்று யாராவது முன்கூட்டிக் கேட்டே ஆகவேண்டியும் இருக்கிறது. பெண் பார்க்கப் போகிற இடங்களில் "பிடித்திருக்கிறதா?" என்ற கேள்வி பையனைப் பார்த்துத்தானே முதலில் கேட்கப்படுகிறது!

முதலில் சொன்ன கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. நாமும் போகிறோம். பத்திரிகையில் மணமகனுடைய படிப்புக்குப் பக்கத்தில் உத்தியோகமும் போட்டிருக்கிறது. மணமகளுக்குப் படிப்பு மாத்திரம் இருக்கிறது. அந்தப் பெண் இரண்டு வருஷமாக உத்தியோகம் பார்த்து வருகிறாள் என்பது நமக்குத் தெரியும். அச்சில் இடம் போதாமல் விட்டுப்போயிற்றா, அல்லது ஞாயிற்றுக்கிழமையோடு அந்த உத்தியோகமே நின்றுபோகிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்க உத்தேசித்திருக்கிறோம்.