மொய்க்கு நோட்டு உண்டு, சீருக்கு உண்டா?

கணவன்-மனைவி பிரிகிறார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. "இனிமேல் சேர்ந்து வாழ முடியாது" என்று சொல்ல இரண்டு வாய் போதும். ஆனால், நகை எத்தனை பவுன்? பீரோ யாருடையது? நிலம் என்ன விலை பெறும்? இந்தக் கேள்விகள் வந்துவிட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்து வீடு வீடாகப் போக முடியாது. அவருக்குப் பதிலாகப் போய்ப் பார்த்து வர ஓர் ஆள் தேவை. அவர்தான் கோர்ட்டு கமிஷனர்.

இவர் யார்?

இவர் போலீஸ் கமிஷனர் அல்ல. பெரும்பாலும் ஒரு வக்கீல். ஆனால் எந்தத் தரப்புக்கும் வக்கீல் அல்ல. கோர்ட்டின் ஆள்.

1908-ம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 26-வது கட்டளையில், இவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இடத்தை நேரில் பார்க்கலாம். சொத்தின் மதிப்பை ஆராயலாம். கணக்குப் புத்தகத்தைப் புரட்டலாம். இரு தரப்பாரையும் விசாரிக்கலாம். தகுந்த நேரத்தில் வீட்டுக்குள்ளோ நிலத்துக்குள்ளோ போகலாம். ஒரு தரப்பு வராமல் ஒளிந்துகொண்டாலும் வேலை நிற்காது. அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை, வழக்கில் சாட்சியமாகச் சேரும். அறிக்கை தவறு என்று நினைப்பவர்கள், கோர்ட்டின் அனுமதி பெற்று அவரையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம்.

அமெரிக்காவில் இத்தகையவரை "ஸ்பெஷல் மாஸ்டர்" என்கிறார்கள். அங்கே பணக்காரத் தம்பதிகள் பிரியும்போது, கம்பெனி, பங்கு, பங்களா என்று கணக்குப் பார்க்க இவரைப் போடுவது உண்டு. "நம் ஊரில் பங்களாவா இருக்கிறது?" என்று கேட்கலாம். சிக்கலுக்குப் பங்களா வேண்டியதில்லை. மூன்று ஏக்கர் கரிசல் போதும்!

கரிசல் காட்டுக் கணக்கு

திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அருப்புக்கோட்டை நெசவாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கொண்டு வந்த நகை அடகுக் கடைக்குப் போனது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள். மீதியில் தறி வாங்கினார்கள். நிலம் கணவன் பெயரில். தறி மாமனார் பெயரில். அடகுச் சீட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து வருஷம் கழித்துப் பிரிவு வந்தால், அவளுடைய நகை எங்கே? கிணற்றுக்குள் இருக்கிறது; தறிக்குள் இருக்கிறது!

மனைவியின் சீதனம் அவளுக்கே சொந்தம், கணவன் வீட்டில் இருப்பதால் அது கூட்டுச் சொத்து ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் தீர்ப்புச் சொன்னது. இருவருக்கும் பொதுவாகக் கல்யாணத்தில் வந்த பொருளைப் பற்றி உத்தரவு போட, 1955-ம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 27-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால், கணவன் பெயரில் இருக்கும் நிலத்தில் மனைவிக்குத் தானாகப் பங்கு வந்துவிடாது. தன் நகைதான் அங்கே போனது என்று அவள் காட்ட வேண்டும்.

நிலத்தின் மதிப்பும் லேசான காரியம் அல்ல. கண்மாய்த் தண்ணீர் எட்டும் புஞ்சை ஒரு விலை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் புஞ்சை வேறு விலை. பத்திரத்தில் இரண்டும் ஒரே ஏக்கர்தான். நேரில் நின்று பார்த்தவருக்கே வித்தியாசம் தெரியும்.

எது அவர் வேலை அல்ல?

கமிஷனர் பார்ப்பவர், தீர்ப்புச் சொல்பவர் அல்ல. யார் மேல் குற்றம், ஜீவனாம்சம் எவ்வளவு என்பதெல்லாம் நீதிபதியின் வேலை. பேசிச் சமாதானம் செய்வது சமரசரின் வேலை. அதற்காகவே 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது பீரோவை எண்ணுவதுபோல் எண்ணிச் சொல்லும் விஷயம் அல்ல. அதற்குக் குழந்தை நலம் அறிந்தவர்களின் உதவியைக் குடும்ப நீதிமன்றம் கேட்கலாம். ஒரு தரப்பு தேட வேண்டிய சாட்சியத்தைத் தேடிக் கொடுக்கும் ஆளும் அல்ல கமிஷனர்.

சீக்கிரம் போக வேண்டும்

கமிஷனர் போவதாக இருந்தால் வழக்கின் தொடக்கத்திலேயே போக வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போனால், தறி விற்றுப்போயிருக்கும். நகை உருகிப்போயிருக்கும். வெள்ளம் போன பிறகு அணை போட்டு என்ன பயன்?

ஜீவனாம்ச வழக்குகளில் வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் காகிதத்தில் எழுதியது காட்டில் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் இடத்தில், கமிஷனரை அனுப்பத் தயங்கக் கூடாது.

செலவு ஒரு தடை. கேட்ட தரப்பே கட்டணம் கட்டுவது வழக்கம். தாலிக்கொடியும் அடகில் இருக்கும் பெண் எங்கே போவாள்? வசதி உள்ள தரப்பின் மேல் அந்தச் செலவைப் போடுவதே நியாயம். 1987-ம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

எவ்வளவு கெட்டிக்காரக் கமிஷனரானாலும், இல்லாத கணக்கைப் பார்க்க முடியாது. நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தல் வாசலிலேயே மொய் நோட்டு விரித்துவிடுகிறார்கள். 101 ரூபாய் வைத்தவர் பெயரும் அதில் ஏறுகிறது. மகளுக்குப் போட்ட 20 பவுன் எதிலும் ஏறுவதில்லை!

வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் குற்றம். கேட்காமல் அன்பாகக் கொடுக்கும் பரிசுக்குக்கூடப் பட்டியல் எழுத வேண்டும் என்கின்றன 1985-ம் ஆண்டு விதிகள். பொருள் என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார் என்று எழுதி, மணமகனும் மணமகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

"நல்ல காரியத்தில் பிரிவை நினைத்து எழுதுவதா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். மொய் நோட்டு எழுதுவதால் உறவு முறிந்துவிட்டதா? இல்லையே! சீருக்கும் ஒரு நோட்டு போடுங்கள். வாழ்ந்தால் அது பெட்டியில் கிடக்கட்டும். வாழ முடியாமல் போனால், மகளுக்காக அது பேசும்.