எந்திரம் ஊட்டும் எதிர்க்கருத்து

முற்காலத்தில் படிப்பகத்து மேசைமேல் நமக்கு உகந்த பத்திரிகையும் உகவாத பத்திரிகையும் அருகருகே கிடந்தன. பிடிக்காததை ஒதுக்கித் தள்ளியவனும், அப்படி ஒன்று இருக்கிறதென்பதையாவது அறிந்திருந்தான். இன்று கைபேசியில் ஓடும் செய்தி வரிசையில் அந்த அறிவுக்கும் இடமில்லை. எதை அழுத்தினோம், எதைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று கணக்கெடுத்து, அதைப் போன்றதையே மேன்மேலும் கொண்டுவந்து கொட்டுகிறது. எது மறைக்கப்பட்டது என்று தெரியாதது மட்டுமன்று. மறைக்கப்பட்டது என்பதே நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்கரான ஈலை பாரிசர் 2011-இல் எழுதிய நூலில் இதனை வடிகட்டிக் குமிழி என்று அழைத்தார்.

இதற்குச் சிலர் கூறும் பரிகாரம் யாதெனில், எதிர்த்தரப்பார் கருத்தையும் எந்திரமே இடையிடையே கலந்து ஊட்டவேண்டும் என்பதாகும். கேட்பதற்கு இனிமையே! ஆனால் பலன் என்ன? 2017-இல் அமெரிக்காவில் டுவிட்டர் உபயோகிப்போர் பலருக்கு 11 டாலர் கொடுத்து, எதிர்த்தரப்புத் தலைவர் முதலானோரின் செய்திகளை நாளொன்றுக்கு 24 வீதம் ஒரு மாதம் காணச் செய்தனர். குடியரசுக் கட்சிச் சார்பினர் தம் கொள்கையில் முன்னிலும் இறுகினரேயன்றி இளகினாரல்லர்; ஜனநாயகக் கட்சிச் சார்பினரிடம் குறிப்பிடத்தக்க மாறுதலே இல்லை. 2020-ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி, முகநூலில் 23,000-க்கு மேற்பட்டோருக்கு, ஒத்த கருத்தினரிடமிருந்து வரும் செய்திகளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தனர். மூன்று மாதமாகியும் அவர்தம் அபிப்பிராயம் அசைந்ததாகத் தெரியவில்லை.

நிற்க. இதைக் காட்டி, "ஜனங்கள் விரும்புவதையே கொடுக்கிறோம், மாற்றிப் பிரயோஜனமில்லை" என்று கம்பெனிக்காரர் சார்பில் வாதிப்போர் உளர். வெறும் புரட்டு! விருப்பத்தைக் கேட்டா கொடுக்கிறார்கள்? விரல் தவறிப் பட்டதையும் விருப்பமென்றே எழுதிக்கொள்கிறார்கள். அச்சோதனைகளில் தோற்றது எதிர்க்கருத்தன்று, அதை ஊட்டிய முறையே என்பது எமது துணிபு. எதிரிப் பாசறையின் போர்ப்பறையைக் கேட்டு மனம் மாறியவர் யார்? உணவு நல்லதேயாயினும், உறங்குகிறவன் வாயில் திணித்தால் உடம்பில் ஒட்டுமா?

ஆகவே நாம் வற்புறுத்துவன இரண்டு. முதலாவது, தேர்ந்தெடுக்கும் உரிமை வாசகர் கைக்கு வரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய சட்டப்படி, அங்கு நாலரைக் கோடிப் பேருக்குக் குறையாமல் உபயோகிக்கும் பெருந்தளங்கள், ஒருவரது நடத்தையைக் கணக்கிடாமல் செய்திகளை வரிசைப்படுத்தும் வழியொன்றையும் கொடுத்தே தீரவேண்டும். அவர்களுக்கு உரியது, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு ஏன் ஆகாது?

இரண்டாவது, நமது கடமை. வாரத்திற்கு ஒரு விஷயத்திலேனும் எதிர்த்தரப்பாரின் ஆகச் சிறந்த வாதத்தை நாமே தேடிப் படித்து, "ஆம், யாம் சொல்வது இதுவே" என்று அவர்களே ஒப்பும்படி எடுத்துரைக்கப் பழகவேண்டும். மறுப்பது அதன் பின்னர். அவ்வாறு எடுத்துரைக்க இயலாதவன் எதிரியை மறுத்தவனல்லன். தன் நிழலோடு சண்டையிட்டவனே!

மேசையின் மறுபுறம் கிடக்கும் பத்திரிகையை எந்திரம் எடுத்துத் தரினும் தராவிடினும், கையை நீட்டவேண்டியவர் நாமே.